சூறாவளியும் பெரும்போகமும்: சென்றகால அனுபவமும் கமக்காரர் கடமையும்

உலர் வலயத்துக் கமக்காரர் தம் ஆண்டு வருவாயின் பெரும்பகுதியைப் பெரும்போகத்திலிருந்தே பெறுகின்றனர். புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் விதைத்து மாசி, பங்குனி மாதங்களில் அறுவடை செய்தல் வழக்கம். இப்போகத்துக்கு வேண்டிய நீரை ஒக்டோபர், நவெம்பர் மாதங்களில் பெய்யும் இடைப்பருவ மழையும், அதனைத் தொடர்ந்துவரும் வடகீழ்ப் பருவக்காற்று மழையும் தருகின்றன. பயிரை வளர்க்கும் இம்மழையும், பயிரை அழிக்கும் சூறாவளியும் ஒரே கடலிலிருந்து ஒரே காலத்தில் வருவன என்பதைக் கமக்காரர் மனத்தில் இருத்தல் வேண்டும்.

இந்நாட்டைக் கடுஞ்சூறாவளி நேராகத் தாக்குவது அரிது. ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ அதனைக் காணலாம். இதனால் ஒரு தீமை விளைகின்றது. கண்டவர் மூப்படைகின்றனர், காணாதவர் வயலைப் பொறுப்பேற்கின்றனர், முன்னோர் பட்ட துன்பம் கதையாகிப் போகின்றது. அடுத்த புயல் வரும்போது விதைநெல் தாழ்ந்த அறையில் கிடக்கின்றது, கழிவாய்க்கால் தூர்ந்திருக்கின்றது. இக்குறையை நீக்குதற்குச் சென்ற காலத்து நிகழ்ச்சிகளையும் அவற்றிலிருந்து பெறத்தக்க பாடங்களையும் இத்துண்டுப் பிரசுரத்தில் தொகுத்துத் தருகின்றோம்.

1. சூறாவளி தோன்றும் முறை

சூறாவளி கடலின் வெப்பத்தால் வளர்வது. கடலின் மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு வெப்பமுற்றிருக்கும்போது நீராவி மிகுதியாக மேலெழுகின்றது. அந்நீராவி உயரத்திற் குளிர்ந்து முகிலாக ஒடுங்குகையில் வெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெப்பத்தால் வளி மேலும் எழ, கடல் மட்டத்தில் வளியமுக்கம் குறைகின்றது. சுற்றுப்புறத்து வளி அவ்விடத்தை நோக்கி விரைகின்றது. புவி சுழல்வதால் அக்காற்று நேரே செல்லாது வளைந்து, நமது வடவரைக்கோளத்தில் மணிக்கூட்டு முள்ளின் போக்குக்கு எதிராகச் சுழல்கின்றது.

கடுஞ்சூறாவளியின் நடுவே காற்று ஓய்ந்த ஒரு வெளி உண்டு. அதனைச் சூறாவளியின் கண் என்பர். கண் ஓரிடத்தைக் கடக்கும்போது காற்றுத் திடீரென அடங்கும், வானம் வெளித்தல்கூடும். புயல் நீங்கிவிட்டதென எண்ணி அவ்வேளையில் வெளியே செல்லுதல் உயிருக்குக் கேடாகும். சிறிது நேரத்தில் முன்னர் வீசியதற்கு எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் கடுமையாக வீசும்.

நிலத்தை அடைந்ததும் கடலாவி கிடைக்காமையாற் காற்றின் வலிமை குறையும். ஆயின், மழை அதனுடன் குறைந்துவிடும் என்று கருதுதல் தவறு. புயல் மெதுவாக நகருமாயின் நாட்கணக்காக மழை பெய்யும்.

புவிநடுக்கோட்டுக்கு அண்மையில் காற்றை வளைக்கும் விசை மிகக் குறைவாதலால், வடக்கே ஐந்து பாகைக்கு உட்பட்ட கடலிற் சூறாவளி தோன்றுவது அரிது. நமது தீவோ ஏறக்குறைய 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையிலுள்ளது. மேலும், வங்காள விரிகுடாவிலே தோன்றும் சூறாவளிகளுட் பல வடமேற்காகவும் வடக்காகவும் சென்று இந்தியாவினதும் வங்காளதேசத்தினதும் கரைகளைத் தாக்குகின்றன. 1970 நவெம்பரில் அப்போது கிழக்குப் பாக்கித்தானாக இருந்த வங்காளதேசத்தைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டனர். அத்தகைய புயல்கள் நமக்கு அரியவை எனினும், வாராதன அல்ல.

2. நமது தீவு கண்ட புயல்கள்

1907ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு கடும்புயல் கிழக்குக் கரையைத் தாக்கியது. கொழும்பிலே வானிலை அவதான நிலையம் தொடங்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

1957 திசெம்பரிற் பெருமழை பெய்து உலர் வலயத்தின் பல பகுதிகள் நீரில் அமிழ்ந்தன. அனுராதபுரத்துக்கு அண்மையிலுள்ள நாச்சதுவைக் குளத்தின் கட்டு உடைந்தது. குளத்தை நம்பி வாழ்பவர்க்கு, குளக்கட்டின் உறுதியே முதற்காப்பு என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

1964 திசெம்பர் 22ஆந் திகதி கடுஞ்சூறாவளியொன்று திருகோணமலைப் பக்கமாகப் புகுந்து, தீவின் வடபகுதியைக் குறுக்கே கடந்து மன்னார்க் கடலை அடைந்தது. அங்கிருந்து சென்று இராமேசுவரத் தீவிலுள்ள தனுக்கோடியை அழித்தது. பாம்பன் பாலத்தையும் சிதைத்தது. தனுக்கோடியை நோக்கிச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலலையில் அள்ளுண்டது. இச்சூறாவளி வழக்கத்துக்கு மாறாகப் புவிநடுக்கோட்டுக்கு மிக அண்மையிலேயே வலுவடைந்தது.

1978 நவெம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கு மாகாணத்து முதியோர் இன்றும் மறந்திலர். மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை மாவட்டங்கள் பெருஞ்சேதமடைந்தன. 900க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சம் மக்கள் துன்புற்றனர். ஏறக்குறைய இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களுள் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அங்கிருந்த பதினொரு நெற்களஞ்சியங்களுள் ஒன்பது சிதைந்தன. இந்த இறுதிச் செய்தியைக் கமக்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். அதனைக் குறித்துப் பின்னர்க் கூறுவோம்.

இதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அத்தகைய கடுஞ்சூறாவளி தரையேறவில்லை. 2000 திசெம்பர் 26ஆந் திகதி மற்றொன்று கிழக்குக் கரையைக் கடந்தது. 2008 நவெம்பரில் நிஷா என்னும் புயல் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. அங்கு ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 15 அங்குலம் மழை பெய்தது. 2016 மே மாதத்தில் ரோனு புயலோடு வந்த மழையால் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2020 திசெம்பர் 2ஆந் திகதி புரெவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலே கரையைக் கடந்தது. 2022 திசெம்பரில் மாண்டஸ் புயற்காலத்தில் வீசிய குளிர்காற்றாலும் மழையாலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன. 2024 நவெம்பர் இறுதியில் பெங்கல் புயலின் வெள்ளம் விதைத்து முளைத்திருந்த வயல்களை மூடியது.

2025 நவெம்பர் இறுதியில் டித்வா வந்தது. காற்றின் வேகத்தைக்கொண்டு அளந்தால், பெயரிடப்படும் புயல்களுள் இது தாழ்ந்த வகுப்பைச் சேர்ந்தது. எனினும், தீவின்மீது மெதுவாக நகர்ந்து பெருமழையைக் கொட்டியமையால் ஆறுகள் பெருகின. மலைநாட்டில் எண்ணிறந்த இடங்களில் மண் சரிந்தது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் எந்த மாவட்டமும் தப்பவில்லை.

3. இவ்வரலாறு புலப்படுத்துவன

முதலாவது, நம்மைத் தாக்கும் கடும்புயல்களுட் பெரும்பாலானவை நவெம்பர், திசெம்பர் மாதங்களில் வருகின்றன. அக்காலத்திற் பெரும்போக நெல் முளையாகவோ இளம்பயிராகவோ நிற்கும். வெங்காயமும் மிளகாயும் நாற்றுமேடையில் இருக்கும். ஆயினும், 1907இல் மார்ச்சிலும் 2016இல் மேயிலும் வந்தமை கருதி ஏனைய மாதங்களிலும் அசட்டையாக இருத்தல் கூடாது.

இரண்டாவது, இடைவெளி நீண்டிருத்தல் பாதுகாப்பன்று. இருபத்திரண்டு ஆண்டு வாராதது இருபத்து மூன்றாம் ஆண்டில் வரும்.

மூன்றாவது, காற்று மட்டுமே பகை என்று எண்ணுதல் தவறு. 1978இல் காற்று அழித்தது. 2025இல் நீரும் மண்சரிவும் அழித்தன. "இது சிறு புயல்" என்று வானொலி கூறினும், எவ்வளவு மழை எதிர்பார்க்கப்படுகின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

4. காலநிலை மாறுகின்றதா?

மாறுகின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதாலும் காடழிப்பதாலும் வளிமண்டலத்திற் கரியமிலவாயு பெருகியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிடுமிடத்து, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் மேற்பரப்பு ஏறக்குறைய 1.1 பாகை செல்சியசு மிகுதியாக வெப்பமுற்றிருந்தது. இந்து சமுத்திரமும் வெப்பமுற்று வருகின்றது.

ஒரு பாகை சிறிது என எண்ணற்க. வளி ஒரு பாகை வெப்பமுறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு மேலதிகமான நீராவியைத் தாங்கவல்லது. ஆதலால், பெய்யும் மழை ஒரேயடியாக மிகுந்து பெய்கின்றது. புயல்களின் எண்ணிக்கை உலகெங்கும் கூடும் என்று ஆராய்ச்சியாளர் கூறவில்லை. வருவனவற்றுட் கடுமையானவற்றின் பங்கும் அவை பொழியும் மழையும் மிகும் என்றே கூறுகின்றனர். கடல்மட்டமும் 1901 முதல் 2018 வரை ஏறக்குறைய 20 சதமமீற்றர், அதாவது எட்டு அங்குலம், உயர்ந்துள்ளது. புயலால் எழும் கடல்நீர் முன்னைவிட உள்நிலத்தே புகுதற்கு இது வழி செய்கின்றது.

வெள்ளம் மிகுவதால் வரட்சி ஒழியுமென நினைத்தலும் பிழையாகும். 2016இன் இறுதியில் மழை பொய்த்தமையால் 2017இல் நாட்டின் நெல்விளைவு முந்திய ஆண்டைவிட மிகக் குறைந்தது. அதே 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்மேல் மாவட்டங்களில் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். எனவே, "என் தந்தையார் இந்நாளில் விதைத்தார், நானும் இந்நாளில் விதைப்பேன்" என்னும் கணக்கு மட்டும் இனிப் போதாது.

5. முதற்கடமை: விதைநெல்லைக் காத்தல்

களஞ்சியங்கள் சிதைந்தன என்று மேலே கூறினோம். நவெம்பர் இறுதியில் வயல் அழியுமாயின், கையில் விதை உள்ளவர் நீர் வடிந்ததும் மீண்டும் விதைத்துப் போகத்தின் ஒரு பகுதியையேனும் மீட்கலாம். விதை இல்லாதவர் பிறரை எதிர்நோக்கி நிற்க, நாட்கள் கழியும், மாரி முடியும், போகம் முழுவதும் கைநழுவும். ஒரு குடும்பம் அவ்வாண்டு கடனில் விழுவதும் விழாதிருப்பதும் சில புசல் விதைநெல்லைப் பொறுத்ததாகலாம். ஆகவே, பின்வருவனவற்றைக் கைக்கொள்க.

(அ) விதைத்து முடிந்தவுடன் எஞ்சிய விதைநெல்லை விற்றுவிடாது, திசெம்பர் இறுதிவரை ஒரு பகுதியைச் சேமித்து வைக்க. ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் வீசி விதைப்பவர், தம் வயலின் மூன்றில் ஒரு பங்குக்கேனும் போதிய விதையை வைத்திருத்தல் நன்று.

(ஆ) சேமிக்கும் விதை குறுகிய வயதினதாக இருத்தல் வேண்டும். மூன்று மாத இனமாகிய பி.ஜி. 300, ஏறக்குறைய எண்பது நாளில் விளையும் பி.ஜி. 250 போன்றவை பிந்திய விதைப்புக்கு உகந்தவை. உவர்நீர் புகும் வயல்களுக்கு ஏ.ரி. 354 ஏற்றது.

(இ) விதையை நன்கு உலர்த்தி, ஈரம் புகாத பைகளிற் கட்டி, நிலத்திற் படாதவாறு உயர்ந்த பலகைத் தட்டின்மேல் அடுக்குக. முழுவதையும் ஒரே வீட்டில் வையாது, மேட்டுநிலத்து உறவினர் வீட்டிலோ கமக்காரர் அமைப்பின் களஞ்சியத்திலோ ஒரு பங்கை வைக்க.

(ஈ) விதைக்குமுன் நூறு நெல்மணிகளை ஈரச்சாக்கில் முளைக்கவிட்டுப் பார்க்க. 85க்குக் குறைவாக முளைக்குமாயின் அவ்விதை தகுதியற்றது.

6. வயலிற் செய்யவேண்டியன

கழிவாய்க்கால்களை மழை தொடங்குமுன் அயலவர் யாவரும் சேர்ந்து துப்புரவு செய்தல் வேண்டும். ஒருவர் தம் பகுதியைத் தூர்வாரி, கீழ்வயற்காரர் வாராதிருப்பின் பயனில்லை. குளக்கட்டிலே கறையான் புற்று, எலிவளை, நீர்க்கசிவு என்பன காணப்படின் உடனே அறிவிக்க. வான் பாயும் வழியை அடைத்துப் பயிர் செய்தல் ஊருக்கே கேடாகும்.

விதைத்த நெல்மணி முளைப்பதற்கு வளி வேண்டும். நீர் தேங்கின் அழுகும். எனவே, பெருமழை அறிவிக்கப்பட்டிருப்பின் விதைப்பைச் சில நாள் தள்ளிவைக்க. முளைத்த பயிர் சில நாள் நீரில் மூழ்கியிருந்தும் பிழைக்கும். எத்தனை நாள் என்பது இனத்தையும், பயிரின் வயதையும், நீரின் கலங்கலையும் பொறுத்தது. நமது பழைய நெல்லினமாகிய கொடஹீனட்டி நீரில் மூழ்குதலைத் தாங்கவல்லது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வெள்ளம் படியும் வயலுடையோர் பழைய இனங்களை அடியோடு கைவிடலாகாது.

மழைக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் யூரியா இடற்க. இட்ட பசளை நீரோடு சென்றுவிடும். முற்றிய கதிர் நிற்குமாயின், எச்சரிக்கை கிடைத்தவுடன் அறுத்து உயர்ந்த இடத்திற் சேர்க்க. சாய்ந்த கதிர் நீரிற் படின் மணிகள் கதிரிலேயே முளைக்கும்.

7. மரக்கறிப் பயிர்கள்

தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றின் வேர்கள் நீர்தேக்கத்தைத் தாங்கா. ஓரிரு நாள் நீர் நின்றாலே செடி வாடும். ஆதலால் மாரிக்காலத்தில் ஓரடி உயர்ந்த பாத்திகளில் நட்டு, பாத்திகளுக்கிடையே நீர் ஓடும் வாய்க்கால் அமைக்க. நாற்றுக்களை ஒரே நாளில் விதையாது, பத்து நாள் இடைவிட்டு இரண்டு தடவையாக விதைப்பின் ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும். நாற்றுமேடைக்குத் தாழ்வான பந்தலிட்டுக் கிடுகாலோ பொலித்தீனாலோ மூடுக. பந்தற் கொடிகளுக்கு உறுதியான கால் நடுக, வாழைக்கு முட்டுக்கொடுக்க.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் நீரைச் சரிவின் வழியே நேரே ஓடவிடாது, சமவுயரக் கோட்டில் வெட்டிய வடிகால்களால் மெதுவாக இறக்குக. நிலத்திற் புதிய வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவர் பயிரையும் உடைமையையும் எண்ணாது குடும்பத்தோடு உடனே நீங்குக. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளை நாள்தோறும் கேட்டறிக.

8. எச்சரிக்கை கிடைத்தபின்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வானொலி, தொலைபேசி வாயிலாக அறிந்து, அயலவர்க்கும் சொல்லுக. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். மாடு ஆடுகளைக் கட்டி வைக்காது மேட்டுநிலத்துக்கு ஓட்டுக. கன்றுகளுக்கும் மெலிந்தவற்றுக்கும் காற்றுப்படாத ஒதுக்கிடம் கொடுக்க. நீரிறைக்கும் இயந்திரங்களைக் கழற்றி உயரத்தில் வைக்க. காணி உறுதி, காப்புறுதிப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றைப் பொலித்தீன் உறையிலிட்டு உடன் கொண்டுசெல்க. வரம்பு பார்க்கவோ நீர் திருப்பவோ புயல்வேளையில் வயலுக்குச் செல்லற்க. வெள்ளம் பாயும் பாலத்தையோ வீதியையோ உழவு இயந்திரத்திலேறிக் கடக்க முயலற்க. அழிந்த பயிரை மறுபடி விதைக்கலாம். விதைப்பவர் உயிரோடிருத்தல் வேண்டும்.

9. புயல் நீங்கியபின்

நீரை விரைவாக வடியச் செய்க. நெற்பயிரிற் படிந்த சேற்றைக் கழுவுக. புதிய இலை தோன்றும்வரை பசளையிடாதிருக்க. பயிர் பிழைக்குமா என்பதை அவசரப்பட்டு முடிவுசெய்யாது, நீர் வடிந்து ஐந்தாறு நாள் சென்றபின் குருத்தைப் பார்க்க. குருத்து வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பின் பயிர் தழைக்கும். வெற்றிடங்களை நெருங்கிய இடத்துப் பயிரைப் பிடுங்கி நடுதலால் நிரப்பலாம். மரக்கறிச் செடிகளின் அடியில் மண்ணைக் கொத்தி வளிபுகச் செய்து, அழுகிய செடிகளை அகற்றுக. கடல்நீர் புகுந்த வயலில் மழைநீரைத் தேக்கி வடித்து உப்பை நீக்குக. சேதத்தின் அளவைக் குறித்து, கமநல சேவை நிலையத்துக்கும் காப்புறுதி அலுவலருக்கும் காலந்தாழ்த்தாது அறிவிக்க.

10. எழுதி வைக்குக

முடிவாக ஒன்று கூறுவோம். ஒவ்வொரு கமக்காரரும் ஒரு சிறு கொப்பி வைத்து, விதைத்த நாள், மழை பெய்த நாட்கள், வெள்ளம் வயலில் எவ்விடம்வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்த இனம் பிழைத்தது என்பவற்றை எழுதிவருக. வெள்ளம் எட்டிய உயரத்தை வீட்டுச் சுவரிலோ கிணற்றுக் கட்டிலோ ஆண்டோடு குறித்து வைக்க. அடுத்த புயல் எந்த ஆண்டில் வரும் என்பதை முற்கூட்டிக் கூறவல்லார் எவருமிலர். அது வரும் ஆண்டில் உங்கள் வயலைச் செய்பவர் உங்கள் மகனாகவோ பேரனாகவோ இருத்தல்கூடும். 1978ஐயும் 2025ஐயும் காணாத அவருக்கு, நீங்கள் எழுதிவைத்த கொப்பியும், சுவரிலிட்ட கோடும், பலகைத் தட்டின்மேல் வைத்த விதைநெல்லும் உதவியாகும்.

மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிக.